ரோடு உள்வாங்கினால் முதலில் வயலில் இறங்குங்கள்

பாலத்துக்கு ஏறும் சாலையில் விரிசல் என்று காலையில் போன் வந்தால், போகிற எல்லோரும் ஜீப்பை மேலே நிறுத்திவிட்டு விரிசலைத்தான் குனிந்து பார்ப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன். அதை மாற்றியவர், கொள்ளிடத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு சாலைக் கரையை (சாலைக்காக உயர்த்திப் போட்ட மண் மேட்டை) ஒட்டி நடவு போட்டிருந்த ஒரு பெரியவர். நாங்கள் மேலே டேப்பை நீட்டி விரிசலை அளந்துகொண்டிருந்தோம். அவர் கீழேயிருந்து கூப்பிட்டார்: "சார், பத்து நாளா இந்த மூலையில தண்ணி நிக்க மாட்டேங்குது. எவ்வளவு பாய்ச்சினாலும் அந்தப் பக்கம் ஓடிடுது. கொஞ்சம் வந்து பாருங்க."

இறங்கிப் பார்த்தேன். கரையின் அடியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, வரப்பு அரைச் சாண் எழும்பியிருந்தது. நட்ட தரையே உப்பி, மேட்டிலிருந்த நாற்றின் தூர் வெளுத்திருந்தது. மேலே விரிசல் மூன்று விரல் அகலம், வயல் பக்கத்துத் துண்டு நாலு அங்குலம் இறக்கம். அதை அன்றைக்குத்தான் பார்த்தோம். வயலில் பத்து நாளுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

சேற்று வயலில் உர மூட்டையை இறக்கி வைத்தால் சுற்றிலும் சேறு பிதுங்கும். களியின் மேல் போட்ட சாலைக் கரையிலும் அதுதான் நடக்கிறது. சரிவது கரை மட்டுமில்லை. கரையைத் தாங்கும் களி ஆழத்தில் வழுக்கி, கரைக்கு அடியில் புகுந்து, வயலில் மேலே வருகிறது. அதனால் விரிசலைப் பார்த்த உடனே செய்ய வேண்டிய முதல் வேலை, செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்குவது. கரையின் அடியிலிருந்து கரை உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் வரை நடந்து பாருங்கள். வரப்பு வளைந்திருக்கிறதா, வாய்க்காலின் அகலம் ஓரிடத்தில் மட்டும் சுருங்கியிருக்கிறதா, வேலிக்கால் சாய்ந்திருக்கிறதா, சின்ன மதகில் பலகை இறுகிக்கொண்டதா என்று பாருங்கள். நிலத்துக்காரரிடம் கேளுங்கள். அவர் தினமும் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிறவர். நம்முடைய லெவல் மிஷினைவிட அவர் கண் முந்தி.

எந்த மாதிரிச் சரிவு என்று தெரியாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். மூன்று வகை உண்டு. அவற்றின் வைத்தியம் ஒன்றுக்கொன்று எதிர்.

ஒன்று, மேல்தோல் உரிவது. மழைக்குப் பிறகு சரிவின் மேல் ஒரு மீட்டர் மண் சேறாகி வழிந்திருக்கும். தார் ரோட்டில் விரிசல் இருக்காது, வயலில் மேடு இருக்காது. இது எளிது. உரிந்த மண்ணை எடுத்து, படிபடியாக வெட்டி, நல்ல மண்ணைப் போட்டு இடித்து, தண்ணீர் சரிவில் வழியாமல் கான்கிரீட் சரிவு வாய்க்கால் வைத்து, புல் பதித்துவிடலாம். வெட்டிவேர் இங்கேதான் பொருந்தும். கடலூர் பக்கத்துக் கடற்கரை மணலில் பயிராகவே வளர்க்கிறார்கள், நாற்றுக்குப் பஞ்சமில்லை. சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக, ஒரு சாணுக்குள் ஒரு தூர் என்று நெருக்கமாக நட்டால், வேர் இரண்டு மூன்று மீட்டர் வரை இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஏழு மீட்டர் ஆழத்தில் வழுக்கும் களியை வெட்டிவேர் பிடிக்காது. அதற்கும் வெட்டிவேர் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, இறக்கம். பழைய இருவழிச் சாலையை நான்குவழியாக அகலப்படுத்திய இடங்களில் இதை அதிகம் பார்க்கலாம். பழைய கரைக்கு அடியிலிருந்த களி முப்பது நாற்பது வருடமாக இறுகிவிட்டது. புதுக் கரைக்கு அடியில் இருப்பது பச்சைக் களி. புதுப் பக்கம் மெல்ல அமரும்போது, இரண்டும் சேரும் கோட்டில் நூல் பிடித்தது போல நேரான விரிசல் நீளமாக ஓடும். இதில் பதற்றம் வேண்டாம், அளந்துகொண்டே காத்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. விரிசலின் இரண்டு முனையும் கரையின் ஓரத்தை நோக்கி வளைந்திருக்கும், அரிவாளைப் படுக்க வைத்தது போல. வெளிப்பக்கத் துண்டு இறங்கியிருக்கும். வயலில் மேடு இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஆழச் சரிவு. இனி நான் சொல்வதெல்லாம் இதைப் பற்றித்தான்.

முதல் மூன்று நாள்

வண்டிகளைப் பழைய பக்கத்துக்குத் திருப்புங்கள். வயலில் எழும்பிய மேட்டை யாரும் தொடக் கூடாது. எங்கள் சைட்டில் அன்று மதியமே ஜேசிபி வந்து நின்றது. மேட்டை வெட்டி வயலைச் சமப்படுத்திக் கொடுத்துவிட்டால் நிலத்துக்காரர் புகார் கொடுக்க மாட்டார் என்ற நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருந்தார்கள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அந்த மேடுதான் அந்த நேரத்தில் கரையைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒரே எதிர் எடை. அதில் ஒரு லோடு எடுத்தால் மேலேயிருந்து பத்து லோடு இறங்கும். பெரியவரிடம் உட்கார்ந்து பேசினேன். "இந்த மூலைக்கு இந்தப் போகம் நஷ்டஈடு வாங்கித் தருகிறோம் ஐயா, மண்ணை மட்டும் தொட வேண்டாம்" என்றேன். அவருக்கு அது உடனே புரிந்தது. ஆற்று உடைப்பு அடைத்த கை அவருடையது.

அதேபோல, மேலே விரிசலில் ஜல்லியும் தாரும் ஊற்றி நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் நாங்கள் போவதற்கு முன் மூன்று தடவை தார் போட்டுச் சமப்படுத்தியிருந்தார்கள். பிறகு வெட்டிப் பார்த்தபோது அந்தப் பள்ளத்தில் முக்கால் அடிக்குத் தார் மட்டுமே இருந்தது. ஒவ்வொரு தடவையும் சரியும் துண்டின் தலையில் எடையை ஏற்றியிருக்கிறார்கள். விரிசலுக்குள் மழைத் தண்ணீர் இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். பிசைந்த களிமண்ணை விரிசலில் அடைத்து, மேலே தார்ப்பாயை விரித்து, ஓரத்தில் மணல் மூட்டை வைத்தால் போதும்.

அப்புறம் முளை. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சவுக்கு முளைகளை அடித்து, தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி டேப்பால் காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். வயலிலும் ஒரு வரிசை முளை, நேர்கோட்டில். நகர்வு நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா என்பதுதான் எல்லா முடிவுக்கும் அடிப்படை. கூடிக்கொண்டே போனால் ஆய்வுக்கெல்லாம் காத்திருக்க நேரமில்லை. அன்றைக்கே மேலேயிருந்து மண்ணைக் குறைக்க வேண்டும்.

களி என்ன சொல்கிறது

ஒரு கைப்பிடி களியை எடுத்துக் கையில் இறுக்கினால் விரலிடுக்கு வழியாகப் பிதுங்குகிறதா? அது மிக மென்மையான களி. லேசாக அழுத்தினாலே உருட்ட வருகிறதா? மென்களி. கட்டைவிரலை அழுத்திக் குத்தினால்தான் பதிகிறதா? அதைவிடப் பரவாயில்லை. இதைக் கையால் பார்த்துவிட்டு, பிறகு சோதனைக்குப் போங்கள். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் போர் போட்டு சுத்தியல் அடித்து, கம்பி இறங்க எத்தனை அடி ஆனது என்று 'என்' மதிப்பு எடுக்கும் பழக்கம் இருக்கிறது. மென்களியில் அதற்கு அர்த்தமில்லை. சுத்தியலைத் தூக்கும் முன்பே கம்பி தன் எடையில் இறங்கிவிடும். 0, 1, 2 என்று வரும் எண்ணை வைத்து வடிவமைக்க முடியாது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4434 சொல்லும் வேன் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். நான்கு இறக்கை கொண்ட சின்னத் தகட்டைக் களிக்குள் இறக்கித் திருகி, எவ்வளவு விசையில் களி அறுந்து சுழல்கிறது என்று பார்ப்பது. ஒரு மீட்டருக்கு ஒரு தடவை, கெட்டியான அடுக்கு வரும் வரை. கரையின் மேல் ஒன்று, சரிவின் நடுவில் ஒன்று, மேட்டுக்கு அப்பால் வயலில் ஒன்று என்று குறைந்தது மூன்று போர்.

எங்களுக்குக் கிடைத்த வெட்டு வலிமை, அதாவது களி அறுந்து வழுக்காமல் தாங்கும் விசை, சதுர மீட்டருக்கு 15 கிலோநியூட்டன். இந்த ஒரு எண்ணை வைத்து ஒரு காகிதக் கணக்கு போடலாம். வலிமையை 5.14ஆல் பெருக்கினால் களி தாங்கும் எடை, 77. அதைக் கரை மண்ணின் எடையான கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டனால் வகுத்தால் 4. அதாவது இந்தக் களி தாங்கும் கரை உயரம் சுமார் 4 மீட்டர், அதுவும் விளிம்பில் நிற்கும் நிலையில். 1.3 அல்லது 1.4 பாதுகாப்புக் காரணி (தாங்கும் வலிமை, ஏறும் எடையைப் போல எத்தனை மடங்கு என்பது) வேண்டுமென்றால் 3 மீட்டர்தான். எங்கள் கரையோ 5 மீட்டர்.

அப்படியானால் இவ்வளவு நாள் எப்படி நின்றது? வயலின் மேல் ஒரு மீட்டர், வெயிலில் காய்ந்து காய்ந்து ஓடு போல இறுகியிருந்தது. பாயைப் போல விரிந்து எடையைப் பரப்பியது அதுதான். முதல் வருடம் கரையை மெல்ல ஏற்றியதில் அடியில் களியும் கொஞ்சம் இறுகியிருக்கும். பிறகு யாரோ கரையின் அடியை ஒட்டி வடிகால் என்று ஒன்றரை மீட்டர் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். அந்தக் காய்ந்த ஓடு அங்கே நீளத்துக்கும் அறுந்துபோனது. சரிவுக்குக் காரணத்தை இரண்டு வாரம் தேடினோம். கடைசியில் அந்தப் பள்ளத்தின் பக்கச் சுவரில், பழுப்பு நிற ஓடும் அதற்குக் கீழே சாம்பல் நிறக் களியும் கோடு போட்டது போலத் தெரிந்தது. அங்கே நின்றபோதுதான் விஷயம் புரிந்தது.

வழுக்கும் பரப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்கு, துளைக்குள் இறக்கிச் சாய்வை அளக்கும் இன்க்ளினோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், போர் போட்ட துளையில் ஒரு பிவிசி குழாயை இறக்கி வையுங்கள். ஒரு வாரம் கழித்து, குழாய்க்குள் நுழையக்கூடிய ஒரு மீட்டர் இரும்புக் கம்பியைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். குழாய் வளைந்த இடத்தில் கம்பி மாட்டி நிற்கும். அடியில் முன்பே ஒரு கம்பியைப் போட்டு வைத்திருந்தால், அதை மேலே இழுக்கும்போது கீழேயிருந்து எங்கே மாட்டுகிறது என்றும் தெரியும். இரண்டுக்கும் நடுவில்தான் வழுக்கு. எங்களுக்கு 6 மீட்டருக்கும் 7 மீட்டருக்கும் இடையில் மாட்டியது.

இன்னொன்று. ஒரு தடவை வழுக்கிய களி பழைய வலிமைக்கு உடனே திரும்பாது. கடற்களியைப் பிசைந்தால் வலிமையில் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே திருத்த வேலையின் கணக்கில் பக்கத்து வயலில் எடுத்த வலிமையை அப்படியே போடாதீர்கள். கரை விழுந்த நொடியில் பாதுகாப்புக் காரணி 1. அந்த வடிவத்தையும் அந்தத் தண்ணீர் மட்டத்தையும் கணக்கில் வைத்து, என்ன வலிமை இருந்தால் காரணி 1 வரும் என்று பின்னோக்கிப் போடுங்கள். ஆய்வகச் சீட்டைவிட நம்பகமான எண் அது.

தலையிலிருந்து எடு, காலில் வை

திருத்தத்தின் சாரம் இவ்வளவுதான். மேலே ஒன்றரை மீட்டரைப் பொக்லைன் வைத்து எடுங்கள். எடுத்த மண்ணைச் சரிவில் தள்ளக் கூடாது. டிப்பரில் ஏற்றிச் சுற்றி வந்து, கீழே மேட்டின் மேலும் அதற்கு அப்பாலும் பெர்ம் ஆக, அதாவது கரையின் காலில் எதிர் எடையாக நிற்கும் தாழ்வான மண் திண்டாகப் போட வேண்டும். பெர்மின் உயரம் கரை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. அகலத்தைக் கணக்கு சொல்லும். எங்களுக்கு 2 மீட்டர் உயரம், 9 மீட்டர் அகலம் வந்தது.

நேராகக் களியின் மேல் மண்ணைக் கொட்டினால் மண் களிக்குள் போகும், களி மண்ணுக்குள் வரும். முதலில் நெய்த ஜியோடெக்ஸ்டைல் (செயற்கை இழைத் துணி) விரித்து, அதன் மேல் அரை மீட்டர் ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட். டிப்பர் ஏற்கனவே மணல் போட்ட பகுதியில் நின்றுதான் கொட்ட வேண்டும். இலேசான டோசரால் மெல்லிய அடுக்காக முழு அகலத்துக்கும் பரப்ப வேண்டும். ஓரிடத்தில் ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அந்தக் குவியலின் பக்கத்தில் புதிதாக ஒரு மேடு எழும்பியிருக்கும். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெர்முக்கு நிலம் வேண்டும். தொழில்நுட்பத்தைவிட இதுதான் உண்மையான சிக்கல். சாலையின் எல்லைக் கல்லுக்கு வெளியே ஒன்பது மீட்டர் என்றால், அது யாரோ ஒருவரின் நஞ்சை. நிலம் கிடைக்கவே கிடைக்காது என்றால் எடையைக் குறைக்கும் வழிக்குப் போக வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் மண்ணைவிட இலேசு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) எஸ்.பி. 58 அதற்கான வழிகாட்டி. சாம்பலைச் சுற்றிலும் நல்ல மண்ணால் மூடாவிட்டால் ஒரே மழையில் கரைந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நார்வேயில் 1972லேயே தெர்மாகோல் கட்டிகளைக் கரைக்குள் அடுக்கிப் பார்த்து வெற்றி கண்டார்கள். அது மண்ணின் எடையில் நூறில் ஒரு பங்குதான். விலை அதிகம். வெள்ளம் ஏறும் இடத்தில் மிதக்கும் என்பதால் நம் கடைமடைப் பகுதிக்கு யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். களிக்குள் துளையிட்டு ஜல்லியை இடித்து இறக்கும் கல் தூண் பல இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் விரலிடுக்கில் பிதுங்கும் களியில் தூணைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, தூண் பக்கவாட்டில் உப்பிவிடும். பாலத்துக்கு இன்னொரு கண் சேர்த்து, உயரமான கரையின் நீளத்தையே குறைத்துவிடுவது சில இடங்களில் எல்லாவற்றையும்விட மலிவாக முடியும். அந்தக் கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பெர்ம் போட்டு, முளைகள் நகர்வதை நிறுத்திய பிறகுதான் கரையைத் திரும்பக் கட்ட வேண்டும். சரிந்த மண்ணை முழு நீளத்துக்கும் ஒரே நாளில் வெட்டித் திறக்காதீர்கள். ஐந்து ஆறு மீட்டர் அகலத்துக்கு ஒரு பத்தி, அன்றைக்கே நிரப்பி முடிக்க வேண்டும். அப்புறம் ஒரு பத்தியை விட்டு அடுத்தது. நிற்கும் பழைய கரையில் படி வெட்டி, புது மண்ணைப் படியில் கோத்து, இறுகிய பின் 200 மில்லிமீட்டர் வரும்படி அடுக்கடுக்காக, 95 சதவீத இறுக்கம். மூன்று மீட்டருக்கு மேற்பட்ட கரைக்கு உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 16 கிலோநியூட்டனுக்குக் குறையாத மண் வேண்டும். வயல் களியை வெட்டிக் கலந்து ஏமாற்ற இடம் கொடுக்காதீர்கள். கிராவல் வரும் குவாரியை நேரில் போய்ப் பாருங்கள்.

கரை மண்ணுக்குள் பலத்துக்காக விரிக்கும் செயற்கை வலையான ஜியோகிரிட் வைப்பதாக இருந்தால் ஐ.ஆர்.சி. 113ஐப் படித்துவிடுங்கள். சைட்டில் நடக்கும் ஒரு தவறை மட்டும் நான் சொல்கிறேன். ரோலின் நீளவாக்கில்தான் அதன் பலம். அந்தப் பலம் சாலைக்குக் குறுக்கே, சரியும் திசையில் இருக்க வேண்டும். ஆட்களுக்கோ சாலையின் நீளத்துக்கு உருட்டிக்கொண்டே போவதுதான் சுலபம், வெட்ட வேண்டியதில்லை, சீக்கிரம் முடியும். அப்படி உருட்டினால் பணம் போட்டும் பயனில்லை. முதல் ரோலை நீங்களே பக்கத்தில் நின்று குறுக்கே விரிக்கச் சொல்லுங்கள். அப்படிக் குறுக்கே விரிக்கும் நீளத்தில் நடுவில் ஒட்டு வரக் கூடாது. சுருக்கம் இல்லாமல் இழுத்து முளை அடித்து, மேலே மண் மூடாமல் எந்த வண்டியும் ஏறக் கூடாது.

தண்ணீரும் நாட்காட்டியும்

கரையின் அடியை ஒட்டி ஓடும் வாய்க்காலை, பெர்முக்கு வெளியே தள்ளிவிடுங்கள், அல்லது குழாயில் விடுங்கள். மணல் அடுக்கின் வாய் எங்கே வெளியே வருகிறதோ அங்கே மண் மூடாமல் பாருங்கள். களிக்குள் அகப்பட்ட தண்ணீர் சீக்கிரம் வெளியேற பிவிடி பட்டைகளை (களிக்குள் செங்குத்தாக இறக்கும் வடிகால் பட்டைகளை) இறக்கலாம். தண்ணீர் போகும் வழி பாதியானால் காலம் கால் பங்காகும். எட்டு மீட்டர் களியில் நான்கு மீட்டர் நடக்க வேண்டிய தண்ணீர், பட்டைகளை 1.2 மீட்டர் இடைவெளியில் வைத்தால் அரை மீட்டருக்குச் சற்று மேல் நடந்தால் போதும். வருடக் கணக்கு மாதக் கணக்காகிவிடும். ஆனால் பட்டையை இறக்கும் இயந்திரமும் கனம், களியையும் கலக்கும். பெர்ம் போட்டு, தலையைக் குறைத்த பிறகுதான் அதை வரவழைக்க வேண்டும்.

வேலைக்கான நாட்களை நாம் முடிவு செய்ய முடியாது. டெல்டாவில் வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஜனவரி 28 மூடல். நடுவில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சம்பா அறுத்து, உளுந்து தெளித்து, தரை இறுகும் மார்ச்சிலிருந்து மே கடைசி வரைதான் வயலில் கனரக வண்டி இறங்க முடியும். அந்த மூன்று மாதத்துக்குள் பெர்மும் கரையின் பாதி உயரமும் முடிந்துவிட வேண்டும். மீதி உயரத்தை அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம். எங்கள் சைட்டில் ஒரு வரம்பு வைத்திருந்தோம்: நாளுக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினாலோ, அடியில் இருக்கும் முளை 5 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நகர்ந்தாலோ, அன்றைக்கு டிப்பர் வராது. கான்ட்ராக்டர் கோபித்துக்கொண்டார். இரண்டு தடவை நிறுத்தினோம், இரண்டு தடவையும் வாரத்துக்குள் அடங்கியது.

ஒரு மழைக்காலம் கடக்கும் வரை மேலே கடைசித் தார் அடுக்கைப் போடாதீர்கள். மெல்லிய அடுக்கோடு வண்டிகளை மெதுவாக விடலாம். முளைகளைப் பிடுங்கவும் வேண்டாம். கரை பெரும்பாலும் வெள்ளம் ஏறும்போது விழுவதில்லை. பக்கத்தில் நின்ற தண்ணீர் கரையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அது சட்டென்று வடியும்போது, கரைக்குள் ஊறிய தண்ணீர் மட்டும் உள்ளேயே நிற்கும், வெளியே தாங்க ஒன்றும் இருக்காது. ஆகவே ஜனவரி 28க்குப் பிறகு வாய்க்கால் இறங்கத் தொடங்கியதும் பதினைந்து நாள், காலையும் மாலையும், யாராவது ஒருவர் டேப்போடு அந்த முளைகளுக்குப் போக வேண்டும். எங்கள் கரைக்கு அந்தப் பெரியவரின் பேரனிடம் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தோம். மேல் வரிசை, கீழ் வரிசை, வாய்க்கால் தண்ணீர் மட்டம் என்று மூன்று கட்டம் போட்டு, ஒரு நாளும் விடாமல் எழுதி வைத்திருந்தான். கடைசிப் பக்கத்தில் அவன் தாத்தா சொல்லி அவனாகவே ஒரு வரி சேர்த்திருந்தான்: மூலையில் தண்ணீர் நிற்கிறது.